கணுக்கால் தண்ணீரில் சால்மன்: கேமரா முரண்டு பிடித்தால் எங்கே பார்ப்பது

காசிமேட்டில் போய் சால்மன் கேட்டால் காலா மீனைக் காட்டுவார்கள். ஓட்டல் மெனுவில் 'இந்தியன் சால்மன்' என்று வருவதும் அதுதான். அதற்கும் நான் சொல்லப்போகும் மீனுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. இது கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், ஆடம்ஸ் ஆற்றில் ஏறிவரும் சாக்கை சால்மன். ஃபிரேசர் ஆற்று முகத்துவாரத்திலிருந்து ஏறக்குறைய 500 கிமீ எதிர்நீச்சல் போட்டு, வழியில் எதையும் தின்னாமல், தான் பிறந்த கூழாங்கல் படுகைக்கே வந்து சினை இறக்கிவிட்டுச் செத்துப்போகும். அந்தச் சமயத்தில் உடம்பு செக்கச்செவேலென்று இருக்கும், தலை மட்டும் பச்சை. ஆண்டுதோறும் வந்தாலும் நான்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் கூட்டம் அலைமோதும்: 2010, 2014, 2018, 2022. அந்தக் கணக்கில் அடுத்தது 2026 அக்டோபர்.

அதைத் தண்ணீருக்கடியில் படமெடுக்க நான் 2022-இல் போனேன். மச்சான் வான்கூவரில் இருக்கிறான்; அங்கிருந்து ஆற்றுக்குக் காரில் ஐந்து மணி நேரம். மிர்ரர்லெஸ் கேமரா, அதைத் தண்ணீர் புகாமல் மூடும் அலுமினியப் பெட்டி (ஹவுசிங்), லென்ஸுக்கு முன்னால் 8 அங்குலக் குவிந்த கண்ணாடி (டோம்), கூடவே கையடக்கமான கோப்ரோ கேமரா ஒன்று. முதல் இரண்டு நாள் எடுத்ததில் ஒரு படம்கூடத் தேறவில்லை. ஊர் திரும்பியதும் வேளச்சேரி மொட்டை மாடியில் நீல டிரம்மில் தண்ணீர் பிடித்து, ஒவ்வொரு கோளாறையும் வேண்டுமென்றே திரும்ப வரவழைத்துப் பார்த்தேன். ஆற்றில் தெரிந்த கோளாறுகளில் முக்கால்வாசி, புறப்படும் முன் வீட்டு மேஜையிலேயே நான் செய்துவைத்தவை என்று அப்போதுதான் புரிந்தது. அதனால் கீழே உள்ளவற்றில் பெரும்பாலானதை நீங்கள் விமானம் ஏறும் முன்பே, இங்கேயே சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நிற்கக் கூடாது. கரையோரம் மண்டியிட்டு, எட்டும் தூரத்தில் கேமராவை வைத்துவிட்டுத் தள்ளி உட்கார வேண்டும். ஒரு பெண் மீன் 3,000, 4,000 முட்டை இடும். அந்த முட்டைகள் புதைந்திருக்கும் குழி மேலிருந்து பார்த்தால் வெறும் கூழாங்கல் மேடுதான். தெரியாமல் கால் வைத்தால் அத்தனையும் போச்சு. ஆற்றங்கரையில் உள்ள பூங்காவின் விதிகளையும் போகும் முன் படித்துவிடுங்கள்.

டோமின் உள்பக்கம் பனி படிகிறது

எல்லோருக்கும் வரும் முதல் கோளாறு, சென்னைக்காரர்களுக்கு நிச்சயம் வரும் கோளாறு. தண்ணீரில் வைத்துப் பத்து நிமிடம் ஆகும். படம் பால் ஊற்றியதுபோல் வெளுக்கும். துடைக்கலாம் என்றால் படிந்திருப்பது உள்ளே.

காரணம் நம் ஊர்க் காற்று. அக்டோபரில் 30 டிகிரி வெப்பம், 75 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொண்டால் ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 23 கிராம் நீராவி இருக்கும். 10 டிகிரியில் அதே காற்று 9 கிராம் சொச்சம்தான் தாங்கும். ஆற்றுத் தண்ணீர் ஏறக்குறைய அந்தக் குளிரில்தான் ஓடுகிறது. மிச்சம் எங்கே போகும்? ஐஸ் வாட்டர் ஊற்றிய டம்ளர் வெளியே வியர்க்கிறதே, அதுதான் இங்கே உள்ளே நடக்கிறது. நான் செய்த புத்திசாலித்தனம், புறப்படும் முந்தின இரவு, வெளியே மழை, அடுப்பில் குக்கர் விசில், அந்தக் கூடத்தில் உட்கார்ந்து ஹவுசிங்கைப் பூட்டியது. 'அங்கே போய் நேரம் மிச்சமாகும்' என்ற நினைப்பு. சென்னை மழைக்காலத்தை டப்பாவில் அடைத்துக் கனடாவுக்கு எடுத்துப்போயிருக்கிறேன்.

ஆற்றங்கரையில் இதைச் சரிசெய்தது மச்சான்தான். "மாமா, கார்ல ஹீட்டர் போடட்டுமா?" என்று அவன் கேட்டது எனக்குக் குளிருகிறது என்று நினைத்து. ஆனால் வழி அதிலேயே இருந்தது. வெளியே இருக்கும் குளிர்ந்த காற்றில் நீராவி கொஞ்சம்தான்; அதை ஹீட்டர் சூடாக்கினால் நன்றாக உலர்ந்த காற்று கிடைக்கும். காற்றை உள்ளுக்குள்ளேயே சுற்றவிடும் பொத்தானை அணைத்துவிட்டு, வெளிக்காற்று வரும்படி வைக்க வேண்டும். இல்லையென்றால் நம் மூச்சும் ஈர ஜாக்கெட்டும் சேர்ந்து வேலையைக் கெடுக்கும். ஹவுசிங்கையும் கேமராவையும் திறந்து இருபது நிமிடம் இருக்கையில் வைத்தோம், அங்கேயே பூட்டினோம். அப்புறம் அந்த நாள் முழுக்கப் பனி இல்லை.

வீட்டில் பயிற்சிக்குப் பூட்டுவதானால் ஏசி ஒரு மணி நேரம் ஓடிய அறையில் பூட்டுங்கள். உள்ளே இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள், லென்ஸ் வளையத்தில் சிக்காத மூலையாகப் பார்த்து. நீல மணிகள் இளஞ்சிவப்பாகிவிட்டால் ஈரம் குடித்து முடித்துவிட்டன என்று பொருள். சிறு தீயில் வறுத்தால் மீண்டும் நீலமாகும். ஆனால் சமைக்கிற சட்டியில் வேண்டாம், அந்த நீலச் சாயத்தில் இருப்பது கோபால்ட், நஞ்சு.

சோதனைக்குக் குளிர்ந்த தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று கேட்காதீர்கள். காசிமேட்டில் ஐஸ் பார் வாங்கிக் கோணிப்பையில் சுற்றி ஆட்டோவில் கொண்டுவந்தேன். 100 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 10-க்கு இறக்க ஏறக்குறைய 22 கிலோ ஐஸ் கரைய வேண்டும். வழியில் உருகுவதற்கும் சேர்த்து வாங்குங்கள். டிரம்மில் ஹவுசிங்கை முக்கி அரை மணி நேரம் விட்டு, டார்ச் அடித்து டோமின் உள்பக்கத்தைப் பாருங்கள். அங்கே பனி இல்லையென்றால் ஆற்றிலும் இருக்காது.

விமானத்தில் ஹவுசிங்கைப் பூட்டிய நிலையில் அனுப்பாதீர்கள். மேலே காற்றழுத்தம் குறையும், தரைக்கு வந்ததும் உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் ஏற்பட்டு மூடி திறக்க வராமல் அடம்பிடிக்கும். மூடியில் தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தை, அதாவது முதன்மை ஓ-ரிங்கைக் கழற்றித் தனி ஜிப் பையில் போட்டு, மூடியைச் சும்மா சாத்திவையுங்கள்.

உள்ளே ஒரு துளி தண்ணீர்; அல்லது கசிவை எச்சரிக்கும் விளக்கு எரிகிறது

"கடலில் 20 மீட்டர் வரை போன ஹவுசிங், முழங்கால் தண்ணீரில் ஒழுகுமா?" என்று கேட்பார்கள். ஒழுகும். சொல்லப்போனால் முழங்கால் தண்ணீரில்தான் அதிகம் ஒழுகும். ஓ-ரிங் தன் பள்ளத்தில் அழுந்தி உட்கார வெளியிலிருந்து அழுத்தம் வேண்டும். 10 மீட்டர் ஆழத்தில் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 30 செமீ தண்ணீரில் அதில் நூற்றில் மூன்று பங்குதான். ஓ-ரிங் தளர்வாகவே கிடக்கும். அதன் மேல் ஒரு தலைமுடி இருந்தாலும் அந்த வழியே தண்ணீர் நுழைந்துவிடும். கேமராவோ மணிக்கணக்கில் ஓடும் தண்ணீரில் கிடக்கிறது.

ஹவுசிங்கில் வேக்குவம் வால்வு போட இடம் இருந்தால் போட்டுவிடுங்கள். இந்த வேலைக்கு நான் செலவு செய்ததிலேயே உருப்படியான செலவு அதுதான். அதன் வழியே உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சியதும், ஆழத்தில் கிடைக்கவேண்டிய அழுத்தம் மேஜையிலேயே கிடைத்து ஓ-ரிங் அழுந்திக்கொள்ளும். அரை மணி நேரம் அளவு மாறாமல் நின்றால் சரி.

இதில் ஒரு பொய் அபாயமணி உண்டு. ஏசி அறையில் 24 டிகிரியில் உறிஞ்சிவிட்டு 35 டிகிரி மொட்டை மாடிக்குக் கொண்டுபோனால், உள்ளே இருக்கும் காற்று சூடாகி அழுத்தம் கிட்டத்தட்ட 4 சதவீதம் ஏறும். விளக்கு சிவப்பாகும். நானும் பதறி மூன்று முறை பிரித்துப் பிரித்துப் பூட்டினேன். ஒழுக்கு எங்கும் இல்லை. ஆற்றில் இது தலைகீழ்: குளிரில் உள்ளழுத்தம் இறங்குவதால் சிறிய கசிவுகூடக் கொஞ்ச நேரம் மறைந்திருக்கும். அதனால் சோதனையின் தொடக்கமும் முடிவும் ஒரே வெப்பத்தில் இருக்கட்டும், வெயிலில் வேண்டாம்.

ஓ-ரிங்கை எடுக்கப் பின்னூசி கூடாது. பழைய ஏடிஎம் அட்டையின் முனை போதும். மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியால் துடையுங்கள், சமையலறைத் துணி பஞ்சு விடும். கிரீஸ் அடைக்கும் என்று பலர் அள்ளி அப்புகிறார்கள். கிரீஸின் வேலை அடைப்பதல்ல, ஓ-ரிங் முறுக்கிக்கொள்ளாமல் வழுக்கி உட்காரச் செய்வது. மினுக்கம் தெரிந்தால் போதும்; அதற்கு மேல் போனால் தூசியும் முடியும் ஒட்டும். ஹவுசிங்கோடு வந்த கிரீஸைத் தவிர வேறு போடாதீர்கள்: சிலிகான் ஓ-ரிங்கில் பொருந்தாத சிலிகான் கிரீஸ் பட்டால் அது ஊதிப்போகும். கோவளம் கடலில் பயிற்சி எடுத்தவர்கள் நல்ல தண்ணீரில் நெடுநேரம் ஊறவைத்துப் பொத்தான்களை எல்லாம் அழுத்திவிடுங்கள். காய்ந்த உப்புப் பரல் மணலைவிட மோசம்.

உண்மையிலேயே தண்ணீர் புகுந்துவிட்டதா? டோமைக் கீழ்நோக்கித் திருப்பி வெளியே எடுங்கள். தண்ணீர் டோமில் தேங்கட்டும். லென்ஸ் நனைந்தாலும் கேமரா பிழைக்கும். பேட்டரியைக் கழற்றுங்கள். 'ஆன் ஆகிறதா பார்ப்போம்' என்ற ஆசைதான் கேமராவைக் கொல்கிறது. அரிசி டப்பாவில் புதைப்பதும் வேண்டாம், அரிசி மாவுதான் உள்ளே போகும். உலர்ந்த அறையில் மின்விசிறிக் காற்று போதும்.

கரையில் கூர்மை, தண்ணீருக்குள் எல்லாமே மங்கல்

பனி இல்லை, கண்ணாடி சுத்தம், ஷட்டர் வேகம் நொடியில் 500-இல் ஒரு பங்கு. இருந்தும் மீன் மட்டுமல்ல, கல்கூடக் கூர்மையாக இல்லை. கரையிலேயே ஒரு மீட்டருக்கு ஃபோகஸ் வைத்துப் பூட்டியிருப்பீர்கள்.

வளைந்த டோம் தண்ணீருக்குள் போனதும் தானே ஒரு லென்ஸ்போல நடந்துகொள்ளும். கண்ணுக்கெட்டாத தொலைவில் இருக்கும் பொருளின் பிம்பம்கூட, டோமின் வளைவு ஆரத்தைப்போல் மூன்று மடங்கு தூரத்தில்தான் விழும். என் டோமின் ஆரம் ஏறக்குறைய 10 செமீ. ஆக, கேமராவைப் பொறுத்தவரை ஆற்றில் உள்ள எல்லாமே டோமுக்கு முன்னால் 30 செமீக்குள் இருக்கிறது. உங்கள் லென்ஸ் அவ்வளவு கிட்டே ஃபோகஸ் ஆகாது என்றால் எந்த அமைப்பும் உதவாது, லென்ஸை மாற்றுங்கள்.

ஃபோகஸைத் தண்ணீருக்குள்தான் வைக்க வேண்டும். லேமினேட் செய்த காலண்டர் தாளை டிரம்மின் அடியில், டோமிலிருந்து அரை மீட்டரில் நிறுத்தி ஆட்டோஃபோகஸ் எடுத்து, மேனுவலுக்கு மாற்றி, ஃபோகஸ் வளையத்தை டேப் போட்டு ஒட்டினேன். ஆற்றிலும் அதே தாள். மீனை நம்பி ஆட்டோஃபோகஸில் விட்டால் அது மிதந்துபோகும் இலையைப் பிடித்துக்கொள்ளும். நடு கூர்மையாகி ஓரம் மட்டும் இழுத்ததுபோல் இருந்தால் லென்ஸின் துளையை எஃப் 11 அளவுக்குச் சுருக்குங்கள்.

கோப்ரோ வேறு கதை. அதன் முகப்பு தட்டை. பொருள்கள் இருக்கும் தூரத்தில் முக்கால் பங்கில் இருப்பதாகத் தெரியும், பார்வையும் குறுகும். அதை மீனின் மூக்கருகே கொண்டுபோனால் மங்கும். அரை மீட்டராவது இடைவெளி விடுங்கள்.

ரிமோட்டை அழுத்தினால் அசைவே இல்லை

பேட்டரி மாற்றினோம், மறுபடி இணைத்தோம், கரையில் கனகச்சிதமாக வேலை செய்தது, தண்ணீரில் வைத்ததும் ஊமை. கோளாறு எதிலும் இல்லை. வைஃபையும் புளூடூத்தும் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் விழுங்கிவிடும்; சில செமீ ஆழம் போனாலே போயிற்று.

ரிச்சி தெருவில் மெல்லிய கோஆக்சியல் கேபிள் ஐந்து மீட்டர் வாங்குங்கள். இரண்டு முனையிலும் 3 செமீக்கு வெளிவலையை உரித்து, நடுக்கம்பியை அதன் உறையோடு விட்டுவிடுங்கள். ஒரு முனையைக் கோப்ரோவின் உடம்போடு ஒட்டி, முனைக்குள் தண்ணீர் ஏறாதபடி அடைத்து, மறுமுனையைக் கரையில் போனுக்குப் பக்கத்தில் வைத்தால் அலை கம்பி வழியாக வந்துசேரும். கடைக்காரர் விநோதமாகப் பார்த்தார். மாடி டிரம்மில் வேலை செய்தது, ஆற்றிலும் வேலை செய்யும். பெரிய ஹவுசிங்குக்கு நான் நம்புவது இன்டர்வெல் டைமரைத்தான். இரண்டு நொடிக்கு ஒரு படம் என்றால் மணிக்கு 1,800. கார்டை அதற்கேற்ப எடுத்துப்போங்கள். கேமரா தானாகத் தூங்கிப்போகும் அமைப்பை அணைக்க மறக்காதீர்கள். என் இரண்டாம் நாள் அதில்தான் போனது.

டோம் வானத்தைப் பார்க்கிறது

மிதவை. முழு அரைக்கோள டோம் என்றால் 10 செமீ ஆரத்துக்கு இரண்டு லிட்டர் காற்று, அதாவது இரண்டு கிலோ தூக்கல், அதுவும் முன்பக்கத்தில் மட்டும். எடையை ஹவுசிங்குக்கு அடியில் கட்டாமல் டோமுக்கு நேர் கீழே கட்டுங்கள். ஈயத்தை இங்கிருந்து சுமக்க வேண்டாம், அங்கே டைவிங் கடையில் வாடகைக்குக் கிடைக்கும். ஆற்றுக் கற்களை எடுத்துக் கட்டாதீர்கள். அது அவற்றின் படுக்கை.

மீன் கிட்டே வருவதில்லை, வந்தாலும் வாலைத்தான் காட்டுகிறது

இதற்கான பதில் எனக்குக் கிடைத்தது கொளத்தூரில். அலங்கார மீன் சந்தையில் ஒரு கடையில் முட்டைக்குக் காவல் நிற்கும் கன்விக்ட் சிக்லிட் ஜோடி இருந்தது. கோப்ரோவைத் தொட்டிக்குள் விட்டுப் படம் எடுத்துப் பழக அனுமதி கேட்டேன். மீன்கள் மூலைக்குப் போய் ஒட்டிக்கொண்டன; நானும் கோணத்தை மாற்றி மாற்றிப் பார்த்தேன். கொஞ்ச நேரம் பொறுத்த கடைக்காரர், "சார், அதை வெச்சிட்டு டீ சாப்ட்டு வாங்க. நீங்க நிக்கிற வரைக்கும் அது வராது" என்றார். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், ஆண் மீன் லென்ஸைக் கொத்திக்கொண்டிருந்தது.

சால்மனும் அப்படித்தான். கேமராவைப் பற்றி அதற்குக் கவலை இல்லை, மேலே அசையும் நிழல்தான் அதற்குக் கரடி, கழுகு. வைத்தபின் இருபது நிமிடம் தொடாதீர்கள். நிழல் தண்ணீரில் விழாதபடி, சூரியன் உங்களுக்கு எதிரில் இருக்கும் கரையில் உட்காருங்கள். பளபளக்கும் திருகுகளுக்கு மேல் கறுப்பு டேப் ஒட்டுங்கள். கோப்ரோவை நீட்டிவைக்க நான் கொண்டுபோனது வீட்டு ஓட்டடைக் கம்பு. மச்சான் சிரித்தான், அங்கே அவன் வாங்கிய செல்ஃபி கம்பைவிட அது இரண்டு மடங்கு எட்டியது.

வால் மட்டும் தெரிவதற்குக் காரணம் திசை. ஏறிவரும் மீன் நீரோட்டத்தை எதிர்த்தே நிற்கும். பெண் மீன் ஒருக்களித்துப் படுத்து வாலால் அடித்துக் குழி பறிக்கும்போது கிளம்பும் கலங்கலும் சரளையும் ஓட்டத்தோடு கீழே போகும். குழியைத் தாண்டி ஓட்டம் போகும் பக்கம் கேமரா வைத்தால் வாலும் சேறும்தான். பக்கவாட்டில், குழியைவிடச் சற்றே ஓட்டம் வரும் பக்கமாக வைத்து, ஓட்டம் போகும் திசையைப் பார்க்கவிடுங்கள்.

சிவப்பு மீன் செங்கல்போல் இருக்கிறது

இரண்டு விதம். மொத்தப் படமும் பச்சையோடிப்போனால், நிறத்தைத் தானே சமன்செய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ், செந்நிறக் கூட்டத்தைப் பார்த்து அதை ஈடுகட்டப் பார்க்கிறது. தண்ணீருக்குள் வெள்ளைத் தட்டு ஒன்றைக் காட்டி மேனுவலாக அமையுங்கள், பின்னால் நிறத்தைத் திருத்த வசதியான ரா ஃபைலில் எடுங்கள். நிறம் சரி, ஆனால் செதிலே தெரியாமல் சிவப்பு அப்பினதுபோல் இருந்தால், சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்திருக்கிறது. ஒவ்வொரு நிறத்தின் வெளிச்ச அளவையும் காட்டும் மூன்று நிற ஹிஸ்டோகிராமைப் பார்த்து வெளிச்சத்தை ஒரு ஸ்டாப், அதாவது பாதியாகக் குறையுங்கள். நடு வெயிலில் மீனின் முதுகில் வலை வலையாக ஒளி ஆடும். அதை எந்த மென்பொருளும் எடுத்துத் தராது, மேகம் வரக் காத்திருங்கள்.

முட்டையிடும் நொடி மட்டும் சிக்குவதில்லை

இரண்டு நொடிக்கு ஒரு படம் என்ற கணக்கு இங்கே தோற்றுப்போகும். இந்த ஒன்றுக்கு மட்டும் வீடியோ, அல்லது கரையிலிருந்து கம்பி ரிமோட்டில் தொடர் அழுத்தல். எப்போது அழுத்துவது என்பதை மீனே சொல்லும். குழி பறிப்பதை நிறுத்திவிட்டுப் பெண் மீன் பின்துடுப்பைக் குழிக்குள் இறக்கி ஆழம் பார்க்கும். ஒரு முறை, இரண்டு முறை, பல முறை. ஆண் பக்கத்தில் வந்து ஒட்டி உடம்பை நடுக்கும். பெண் குழிக்குள் அப்படியே தாழ்ந்து நின்றுவிட்டால் விரலை அழுத்துங்கள். அடுத்து இரண்டும் வாயை அகலத் திறக்கும், அதுதான் அந்த நொடி. முடிந்த கையோடு பெண் மீன் ஓட்டத்துக்கு எதிராகச் சற்று நகர்ந்து மறுபடி தோண்டத் தொடங்கினால், ஏமாந்துவிட்டோம் என்று எழுந்துவிடாதீர்கள். இறக்கிய முட்டையை மூடும் வேலை அது; ஓட்டம் வரும் பக்கத்தில் பறிக்கும் அந்தப் பள்ளமே அடுத்த குழியாகவும் ஆகும்.

எந்தப் பெண் மீனின் எதிரில் கேமரா வைப்பது என்பதிலும் நான் அரை நாள் தொலைத்தேன். வால் நுனி வெள்ளையாகத் தேய்ந்து, நார் நாராகக் கிழிந்திருந்தால், அது தோண்டி முடித்து முட்டையும் இட்டுவிட்டுக் காவல் நிற்கும் மீன். வால் முழுசாக, வயிறு புடைத்து இருப்பதாகத் தேடுங்கள்.